பட்டுக்கும் பட்டாவுக்கும் அப்பால்

எங்கள் தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கம்பெனி செலவில் ஸ்பெயினுக்குப் போனவர், வேலை முடிந்ததும் ரயில் பிடித்து அந்நாட்டின் தென்கோடியில் இருக்கும் கிரனாடா வரை போய் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டே செல்போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார்.

"சுவரு முழுக்க எழுத்து சார். வெற்றி கடவுளுக்குத்தான்னு ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கி வெச்சிருக்கான். டிக்கெட்டை முன்னாடியே எடுக்கணும். உள்ளே போறதுக்கு நேரம் குறிச்சுத்தான் கொடுப்பான். நிமிஷம் தவறினா அவ்வளவுதான்."

"சுவர் முழுக்க எழுதி வெச்ச ராஜா நம்ம பக்கமும் ஒருத்தர் இருக்காருப்பா. காஞ்சிபுரத்துல" என்றேன்.

"காஞ்சிபுரமா? மூணு தடவை போயிருக்கேனே சார். ரெண்டு தடவை தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க. ஒரு தடவை பட்டா விஷயமா கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்க."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. திருமுடிவாக்கத்துக்காரர்களுக்குக் காஞ்சிபுரம் என்றால் பட்டு, இல்லாவிட்டால் பட்டா. 2019-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டோடு போய்விட்டன. குன்றத்தூர் வட்டத்தில் இருக்கும் நாங்கள் காஞ்சியோடு நின்றுகொண்டோம். அதனால் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனுவோடு போவோம், முகூர்த்த மாதம் வந்தால் வேன் பிடித்துப் புடவைக்கடைக்குப் போவோம். கூட வந்த பெரியவர்களின் மனசு கோணக்கூடாதே என்று காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் எட்டிப் பார்ப்போம். அதோடு திரும்பிவிடுவோம்.

அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு பழைய தலைநகரத்தை இப்படிப் பார்ப்பது, பார்க்காமல் இருப்பதைவிட மோசம் என்பது என் கட்சி. பார்த்தாயிற்று என்ற நினைப்பு மட்டும் மிஞ்சிவிடும். நம் பக்கத்து ஆட்கள் அந்த ஊரோடு எப்படி ஒட்டி உறவாடியிருக்கிறார்கள் என்பது தெரிந்தால், காஞ்சியை வெளியூர் என்று சொல்லவே நாக்கு கூசும்.

நடந்தே போன நம்பி

பூவிருந்தவல்லி எங்களுக்குப் பக்கம். பதினோராம் நூற்றாண்டில் அங்கே பிறந்தவர் திருக்கச்சி நம்பி. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம், அதாவது விசிறி, வீசுவது அவருடைய கைங்கரியம். பூந்தோட்டம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டி, காஞ்சிக்கு நடந்தே எடுத்துப் போவார் என்பது வைணவ மரபு. வயதாகி நடக்க முடியாமல் போனபோது பெருமாளே பூவிருந்தவல்லிக்கு வந்து காட்சி கொடுத்தார் என்கிறார்கள்.

போகிற வழியில் ஸ்ரீபெரும்புதூர். 1017-ல் இராமானுசர் பிறந்த ஊர். அவரும் காஞ்சிக்குத்தான் படிக்கப் போனார். சாலைக்கிணற்றிலிருந்து தினம் ஒரு குடம் தண்ணீர் சுமந்து வரதருக்குக் கொடுத்துவந்தார். வைசிய குலத்தில் பிறந்த நம்பியைக் குருவாக வரித்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்தார். இராமானுசர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விட, மனைவி தஞ்சமாம்பாள் மிச்சத்தை எடுத்துப் போட்டு, இடத்தைக் கழுவி, தலைமுழுகிவிட்டார். இராமானுசர் இல்லறத்தை விட்டு விலகியதற்குத் தொடக்கமான வருத்தங்களில் இதையும் ஒன்றாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. ஒரு வேளைச் சாப்பாட்டில் கிளம்பிய பிரச்சினை, ஒரு சமயத்தின் போக்கையே திருப்பியது. நடந்த இடம் காஞ்சி, விருந்தாளி நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர்.

இன்னொருவர் குன்றத்தூர் சேக்கிழார். முருகன் மலைக்கு வண்டி வண்டியாகப் போகிறவர்கள், கீழே ஊருக்குள் அவர் எழுப்பிய திருநாகேஸ்வரத்துக்கு அவ்வளவாகத் திரும்புவதில்லை. அந்தச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பூசலார் கதையைச் சொல்கிறார். கையில் காசில்லாத பூசலார், திருநின்றவூரில் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சர் வைத்து, நாள் பார்த்து ஒரு கோயிலைக் கட்டுகிறார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைக்கிறான் பல்லவ மன்னன். சிவன் மன்னன் கனவில் வந்து, அன்றைக்கு நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போகவேண்டும், உன் நாளைத் தள்ளி வை என்கிறார். அந்தக் காஞ்சிக் கற்கோயில் எது என்றால், பலரும் கைகாட்டுவது கைலாசநாதர் கோயிலை.

சுவரெல்லாம் ராஜா

காலை ஏழரைக்கு அங்கே நின்று பாருங்கள். ஊருக்கு மேற்கு ஓரத்தில், புல்வெளிக்கு நடுவே, ஏறுவெயிலில் மஞ்சளாகத் தெரியும். மாமல்லபுரம்போல் கருங்கல் மலையைக் குடைந்ததல்ல. அடித்தளத்துக்கு மட்டும் கருங்கல், மேலே மணற்கல். கட்டியவன் இரண்டாம் நரசிம்மவர்மன் என்ற ராஜசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முன்பக்கச் சிற்றாலயத்தை முடித்தவன் அவன் மகன் மகேந்திரன். அதற்கும் முன்னே, வாசலிலேயே வரிசையாகச் சில குட்டிக் கோயில்கள். அதில் ஒன்றைக் கட்டியவள் ராஜசிம்மனின் அரசி ரங்கபதாகை. அவள் பெயரோடு கல்வெட்டு இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு நேராக உள்ளே ஓடுகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள்.

உள்ளே போனால் பிராகாரத்தைச் சுற்றி 58 சிறு சன்னிதிகள், தேன்கூட்டு அறைகள்போல. ஒவ்வொன்றின் கீழும் ராஜசிம்மனின் பட்டப்பெயர்கள், வெவ்வேறு எழுத்து வடிவங்களில், சில கொடிபோல் நெளிந்தவை, சில பறவைபோல் வளைந்தவை. மொத்தம் இருநூற்றுக்கு மேல். அத்யந்தகாமன், ரணஜயன், சங்கரபக்தன், ஆகமப்பிரியன் என்று போகிறது. கிரனாடாவில் கடவுளின் வெற்றியைச் சொல்லிச் சுவரை நிரப்பினார்கள் என்றால், நம் ஆள் தன் பெயரைச் சொல்லியே நிரப்பிவிட்டான். நம்மூர் டிஜிட்டல் பேனர்களுக்கு மூதாதை யார் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. ஆனால் ஒன்று, எழுத்தின் அழகைப் பார்த்தால் மன்னித்துவிடலாம்.

அந்தச் சன்னிதிகளுக்குள் குனிந்து பாருங்கள். சிலவற்றில் 1,300 ஆண்டுப் பழைய ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேல் கண்டுபிடித்துச் சொல்லும்வரை யாரும் கவனிக்கவில்லை. முழுப்படம் கிடைக்காது. ஒரு தோள், ஒரு கைவிரல், பாதி முகம், செம்மண் நிறத்தில் ஒரு கோடு. கண் பழக இரண்டு நிமிடம் ஆகும். டார்ச் அடிக்காதீர்கள், பகல் வெளிச்சமே போதும். பிற்காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு பல சிற்பங்களின் மூக்கையும் முழியையும் மொழுகிவிட்டதையும் பார்ப்பீர்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் பல்லவச் சிற்பியின் உளி அப்படியே தெரியும்.

கருவறையில் பதினாறு பட்டை லிங்கம். அதைச் சுற்றி வரும் வழி ஆளுயரப் பாதை அல்ல. ஒரு பக்கம் தரையோடு ஒட்டிய பொந்துக்குள் குனிந்து, படுத்து, தவழ்ந்து நுழைந்து, சுற்றிவந்து, மறுபக்கப் பொந்து வழியாக வெளியே வரவேண்டும். மறுபிறவி இல்லை என்பார் அர்ச்சகர். எனக்கு முன்னால் போன ஒருவர் பாதியில் சிக்கி, "ஏங்க, கொஞ்சம் காலைத் தள்ளுங்க" என்று குரல் கொடுத்தார். தள்ளினேன். அவருக்கு மறுபிறவி கிடைத்த மாதிரிதான் இருந்தது.

எதிரி எழுதிய நற்சான்று

இதே கோயிலின் முன்மண்டபத் தூண் ஒன்றின் பின்புறம் ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியில் கன்னடம் ஏன்?

கதை கொஞ்சம் பழையது, அதுவும் தாம்பரம் பக்கமே தொடங்குகிறது. ஏழாம் நூற்றாண்டில் வாதாபிச் சளுக்கியன் இரண்டாம் புலிகேசி காஞ்சியைக் குறிவைத்துப் படையோடு வந்தான். அவனை முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் முறியடித்த போர்களை வரிசையிடும் கூரம் செப்பேடு பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று களங்களைச் சொல்கிறது. அந்த மணிமங்கலம், படப்பை போகிற வழியில் நாம் தினம் பஸ்ஸில் பெயர்ப்பலகை பார்க்கிற மணிமங்கலம்தான். பிறகு 642-ல் பல்லவப் படை வாதாபியையே பிடித்தது. படைக்குத் தலைவராகப் போன பரஞ்சோதி பின்னால் சிறுத்தொண்ட நாயனார் ஆனார். அவர் வாதாபி வென்ற சேதியையும் எழுதி வைத்தது, மறுபடியும், நம் குன்றத்தூர்ச் சேக்கிழார்.

ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து சளுக்கியர் முறை வந்தது. இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்துவிட்டான். பழிவாங்கத்தான் வந்தான், சந்தேகமில்லை. ஆனால் கைலாசநாதர் கோயிலைப் பார்த்தவன், அதன் செல்வத்தை எடுக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைத்தான் அந்தத் தூணில் தன் மொழியில் வெட்டிவைத்தான். ஊருக்குத் திரும்பியபின் அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுத்த விரூபாட்சர் கோயிலில் கைலாசநாதரின் சாயல் இருப்பதைக் கட்டடக்கலை படித்தவர்கள் சொல்வார்கள். பகைவன் தூக்கிப் போனது பொன்னை அல்ல, கோயில் கட்டும் கலையை. தோற்ற பல்லவர்கள், பிறகு ஊரை மீட்டபோதும், அந்தக் கன்னட எழுத்தைச் சுரண்டி எடுக்கவில்லை. எனக்கு இது இரண்டாவது அதிசயம்.

விக்கிரமாதித்தனிடம் தோற்று ஓடிய பல்லவன் யார்? அவனைப் பார்க்க வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குப் போகவேண்டும்.

பன்னிரண்டு வயதுப் பையன்

பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். ஆனாலும் பட்டுக்கடைக் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அங்கே வருவதில்லை. பகலிலும் வௌவால் வாசனையோடு அமைதியாக இருக்கும். மூன்று நிலைக் கருவறை. இருந்த, கிடந்த, நின்ற என மூன்று கோலத்தில் பெருமாள். பிராகாரத்தில் சிங்கத்தூண்கள் தாங்கும் கூரை, அதன் உள்சுவரில் இரண்டு வரிசையாகச் சிற்பங்கள்.

அந்தச் சிற்பங்கள் புராணக் கதை இல்லை. பல்லவ வம்சத்தின் வரலாறு, கல்லில் செதுக்கிய படக்கதை. அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோகிறான். நாடு தலையில்லாமல் நிற்கிறது. ஊர்ப் பெரியவர்களும் கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் கிளம்பி, வம்சத்தின் கிளைக் குடும்பத்து இரணியவர்மனிடம் போகிறார்கள். உங்கள் பிள்ளைகளில் ஒருவனைக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறுக்கிறார்கள். கடைக்குட்டி பல்லவமல்லன், பன்னிரண்டு வயதுப் பையன், நான் போகிறேன் என்கிறான். கிளம்புகிறான், காடு கடக்கிறான், யானை வருகிறது, முடி சூட்டுகிறார்கள். பக்கத்திலேயே விளக்கக் குறிப்பும் கல்லில் இருக்கிறது.

அந்தப் பையன்தான் நந்திவர்மன். சளுக்கியனிடம் தோற்றான், ஓடினான், திரும்பி வந்தான், சுமார் 65 ஆண்டுகள் ஆண்டான். கோயிலைக் கட்டியதும் அவனே. சுயசரிதையைச் சுவரில் எழுதிக்கொண்ட அரசன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிற்பங்களை வரிசைப்படுத்திப் படித்துக்காட்டியவர் சி. மீனாட்சி என்ற ஆய்வாளர். பல்லவர் ஆட்சி பற்றியும் அவர்தான் பெரிய நூல் எழுதினார். சிற்பங்களைப் பற்றிய அவர் நூலைத் தொல்லியல் துறை 1941-ல் வெளியிட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, முந்தின ஆண்டே இளம் வயதில் மறைந்துவிட்டார். காஞ்சியில் யாருக்காவது புதிதாகச் சிலை வைக்க இடம் இருந்தால், என் ஓட்டு அவருக்கு.

குடலை இட்லியும் குழித்தறியும்

வயிற்றையும் கவனிப்போம். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் கோயில் இட்லி கேளுங்கள். பச்சரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்துப் புளிக்கவைத்து, மந்தார இலை சுற்றிய நீளமான மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். வெந்ததும் உருளையாக எடுத்து வட்டம் வட்டமாக அறுத்துத் தருவார்கள். மேற்புறத்தில் இலையின் நரம்பு பதிந்திருக்கும், மணமும் ஏறியிருக்கும். மல்லிகைப்பூ இட்லி பழகிய நாக்குக்கு முதல் விள்ளல் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். மூன்றாவதில் வழிக்கு வந்துவிடும். ஓட்டலில் கிண்ணத்தில் அவித்து காஞ்சிபுரம் இட்லி என்று கொடுப்பதை இதோடு சேர்த்துப் பேசவேண்டாம்.

அங்கேயே வரதரின் நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் கோத்த சங்கிலியைப் பார்க்கலாம். 2019-ல் ஜூலை முதல் தேதியிலிருந்து 48 நாள் அத்திவரதரைப் பார்க்க லட்சோபலட்சம் பேர் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்த கோயில் அது. எங்கள் தெருவிலிருந்தே நான்கு வேன் போயிற்று. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்து வருபவருக்காக வெயிலில் பத்து மணி நேரம் நின்றவர்கள், நித்தியம் திறந்திருக்கும் கைலாசநாதரை ஏறெடுத்துப் பார்க்காமல் திரும்பினார்கள். அதே சின்ன காஞ்சிபுரத்தில்தான், 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவின் வீடும் நினைவில்லமாக இருக்கிறது.

நெசவு என்றதும் ஒன்று. எங்கள் சிட்கோ எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டும் ஒரு தம்பி காஞ்சிப் பிள்ளையார்பாளையத்துக்காரர். அவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். கூடத்தில் பாதியைக் குழித்தறி பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா குழியில் காலை விட்டு மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிக்கிறார். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளுகிறார். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு, ஆக மூன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு இழையிலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன. இதுதான் கோர்வை. தனியாள் செய்யமுடியாது. இருவர் மூச்சும் ஒரே தாளத்தில் போகவேண்டும். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் நெய்தது ஒரு சாண்கூட இல்லை.

முந்தானைக்கு நிறம் மாறும் இடத்தில் பழைய பாவு இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கி இணைப்பது பிட்னி. அந்த இடத்தில் புடவையைத் தடவினால் மெல்லிய மேடு தட்டும். கரை சேரும் இடத்தைப் புரட்டிப் பார்த்தால் கொக்கி போட்ட கோடு தெரியும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06-ல். அதற்குப் பிறகும் விசைத்தறித் துணியைக் காஞ்சிப் பட்டென்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் பேச்சைவிட இந்த இரண்டு இடத்தையும் விரலால் தடவிப் பார்த்து நம்புங்கள்.

"காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்" என்பார்கள். சும்மா உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சாப்பிடலாம் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். தறிக்குழியில் ஆடும் காலை அந்தப் பழமொழி சொல்கிறது என்று காட்டியவர் தம்பியின் அப்பா. அவர் கணுக்கால் வீங்கியிருந்தது. "இவன் ஷிப்டு முடிச்சா மாசம் பொறந்தா சம்பளம். எனக்குப் பாவு ஏத்தினாத்தான் கூலி" என்றார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளின் பஸ்கள் விடியலில் வந்து நெசவாளர் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. அவர்களைத் தறிக்குத் திரும்பச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்தத் தலைமுறையின் தறிச்சத்தத்தை இப்போது கேட்டால்தான் உண்டு.

விட்டதும் தொட்டதும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் எப்படியும் உங்கள் கண்ணில் படும், விட்டுவிடுகிறேன். வேகவதியைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்கு மட்டும் அவசியம் போங்கள். வேகவதி நதி என்று தேடாதீர்கள், சாக்கடையாகத்தான் தென்படும். கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-ல் கட்டியவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள் வண்ணத்தில் ஓடுகின்றன. தலையை நிமிர்த்திப் பார்த்துக் கழுத்து வலித்தால் திண்ணையில் படுத்துப் பார்க்கலாம், நான் அப்படித்தான் பார்த்தேன். ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் வந்தபோது காஞ்சியில் நூறு பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். மணிமேகலை தவம் பூண்டு அமர்வதும் இந்த ஊரில்தான். அந்தப் பௌத்தக் காஞ்சி இன்று சில புத்தர் சிலைகளாகச் சுருங்கிவிட்டது.

ஸ்பெயினின் கோர்தோபாவில் பழைய மசூதியின் தூண்காட்டுக்கு நடுவே கதீட்ரல் எழும்பி நிற்கிறது, அதைப் பார்க்க உலகம் வரிசையில் நிற்கிறது. நம் காஞ்சியில் வரிசை புடவைக்கடை பில் கவுண்டரில் நிற்கிறது.

போகும் வழி சொல்கிறேன். திருமுடிவாக்கத்திலிருந்து வெளிவட்டச் சாலை ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் தாண்டிப் பொன்னேரிக்கரையில் இடதுபுறம் திரும்பினால் ஊர். ரயில் வேண்டுமென்றால் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகத் திருமால்பூர் போகும் வண்டி காஞ்சிபுரத்தில் நிற்கும். முகூர்த்த நாளைத் தவிருங்கள், சித்திரை வெயிலைத் தவிருங்கள். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். தறி பார்க்கவும் இட்லி சாப்பிடவும் அந்த நேரம் சரியாக இருக்கும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். புடவைக் கடை பக்கம் ஒருமுறையாவது போகாமல் வாருங்கள். கலெக்டர் ஆபீஸ் வேலையைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.